பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்: கொழும்பின் ஆவண ஸ்கேன் சேவைகள், ஒரு தர மதிப்பீடு

கொழும்பில் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தருபவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை பக்கம்? கோயில் பரிபாலன சபையின் கணக்குப் புத்தகமா, பாடசாலைச் சேர்வு இடாப்பா, நொத்தாரிசின் உறுதிப் பிரதிகளா, தோட்டத்துச் செக்ரோலா (தொழிலாளர் வரவுச் சம்பள இடாப்பா) என்பதெல்லாம் பிறகுதான். பக்கத்துக்கு இத்தனை ரூபா என்று விலை வரும். அதன் அடியில் "100% தரப் பரிசோதனை" என்று ஒரு வரியும் வரும். அந்த வரிக்குள் உண்மையில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் இந்த மதிப்பீட்டின் விஷயம். நிறுவனப் பெயர் எதையும் சொல்லவில்லை. காலையில் ஒருவர், பின்னேரம் இன்னொருவர் இயந்திரத்தில் இருந்தால் ஒரே இடத்திலேயே தரம் இரண்டாகிவிடும் தொழில் இது. ஆகவே பெயரை விட்டு வேலைமுறையை எடைபோடுகிறோம்.

முதலில் போட்டோகொப்பிக் கடை. புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியும், வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகவும், கொட்டாஞ்சேனையிலும் உள்ள கடைகளில் கொப்பி, பிரிண்ட், ஸ்கேன் மூன்றையும் செய்யும் அலுவலக இயந்திரம் இருக்கும். அண்மைக் காலத்து ஏ4 தாள், பின் கழற்றியது, ஐம்பது நூறு பக்கம் என்றால் இதைவிடச் சுகமான வழி கிடையாது. ஆனால் இயந்திரத்தை இருந்த அமைப்பிலேயே ஓட்டினால் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 படப்புள்ளி, அதாவது பிக்சல்), கறுப்பு வெள்ளை, இறுகச் சுருக்கிய பிடிஎஃப் கையில் வந்துவிடலாம். "300 டிபிஐ, கலர், சுருக்கம் குறைவாக" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சுருக்கத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கறார் என்றால், 2013இல் ஜெர்மனியின் கணினியியலாளர் டேவிட் கிறீசல் வெளிப்படுத்திய கோளாறு நினைவில் இருக்க வேண்டும். செராக்ஸ் வேர்க்சென்டர் வகை இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என்று இருந்த மூன்று அறைகளுமே 14.13 என்று வெளிவந்தன. வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது. காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை: பார்வைக்கு ஒத்த உருவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். பின்னர் அந்த நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. மங்கலாக வந்தால் கண்ணுக்குத் தெரியும், திரும்ப எடுக்கலாம். இங்கே தவறான எண் பளிச்சென்று அச்சடித்ததுபோல் நிற்கும். கணக்குப் புத்தகத்துக்கோ காணி அளவுக்கோ இதைவிட ஆபத்து வேறில்லை. எங்கே கொடுத்தாலும் "இழப்புள்ள ஜேபிக்2 சுருக்கம் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்.

இரண்டாவது வகை, ஆவணக் களஞ்சியம் வைத்திருக்கும் நிறுவனங்களும் ஸ்கேன் வேலையை மட்டுமே எடுக்கும் நிறுவனங்களும். இவர்களிடம் தாளைத் தானாக இழுக்கும் வேக ஸ்கேனர்கள் இருக்கும். விலைச்சிட்டை, ஊழியர் கோப்பு, காப்புறுதிப் படிவம் போன்ற உதிரித் தாள்களுக்கு நல்ல தெரிவு. இழுவை ஸ்கேனரில் நேரும் பிழைகள் சிலவே, ஆனால் வந்தவை திரும்பத் திரும்ப வரும். இரண்டு தாள் ஒட்டிப்போய் ஒன்றாக ஓடுவது முதலாவது. இதைப் பிடிக்க மீயொலி உணரி உண்டு. முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு, துண்டு ஒட்டிய கடிதம் வரும்போதெல்லாம் அது இயந்திரத்தை நிறுத்தும். எரிச்சலில் ஊழியர் அதை அணைத்துவிடுவார். பிறகு திரும்பப் போட மறந்துவிடும். அணைத்த நேரத்தில் ஓடிய கட்டு எது என்று பதிவு வைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பரிசோதனையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

அடுத்தது கண்ணாடியில் ஒரு தூசு. பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை மெல்லிய நேர்கோடு விழும். துடைக்கும்வரை எல்லாத் தாளிலும் விழும். காலையில் ஒரு வெள்ளைத் தாள், பிறகு ஐந்நூறு தாளுக்கு ஒருமுறை ஒரு வெள்ளைத் தாள் என்று ஓட்டினால், கோடு தெரிந்தாலும் கடைசி ஐந்நூறை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்தால் தாள் வழுக்கும், படம் நீள்வாக்கில் இழுபட்டு வரும். வெற்றுப் பக்கத்தைத் தானாக நீக்கும் வசதியும் ஒரு பொறிதான். பென்சிலில் மங்கலாக எழுதிய பின்பக்கம், மூலையில் ஒரு திகதி முத்திரை மட்டும் உள்ள பின்பக்கம் எல்லாம் அதற்கு வெறும் தாள். சிவப்பு நிறத்தை விலக்கும் அமைப்பு படிவக் கோடுகளை அகற்றுவதற்காக உள்ளது. இடாப்பில் சிவப்பு மையால் செய்த திருத்தத்தையும் அதே கையோடு அகற்றிவிடும்.

கட்டிய புத்தகம், ஃபுல்ஸ்கேப் லெட்ஜர், தையல் விட்ட இடாப்பு என்றால் மூன்றாவது வகைக்குப் போக வேண்டும்: கமராவைத் தாங்கியில் பூட்டி மேலிருந்து படமெடுக்கும் சிறு குழுக்கள். இடத்துக்கே வருவார்கள், ஆவணம் வாசலைத் தாண்டாது. கோயில்களும் சங்கங்களும் இதையே விரும்புவதில் நியாயமுண்டு. இங்கே தரம் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது, செய்வதற்குக் காகிதமும் பேனையும் போதும். 12 மெகாபிக்சல் கமரா தருவது 4000 × 3000 படப்புள்ளி. ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம், சட்டகம் முழுவதையும் தாள் நிரப்பினால் 342 டிபிஐ. ஓரம் விட்டால் 300க்குச் சற்றுக் கீழே இறங்கும். விரித்த ஃபுல்ஸ்கேப் இரட்டைப் பக்கம் ஏறத்தாழ 16க்கு 13 அங்குலம், அதற்கு 230 டிபிஐதான் வரும். 24 மெகாபிக்சல், அதாவது 6000 × 4000 என்றால் அதே விரிப்புக்கு 300ஐ ஒட்டி நிற்கும், ஓரத்துக்கு இடமிருக்காது; பக்கம் பக்கமாக எடுப்பதே நல்லது. "எங்கள் கமராவில் 600 டிபிஐ" என்று யாராவது சொன்னால், எந்த அளவுத் தாளுக்கு என்று கேட்டால் போதும்.

அளவுகோலும் நல்ல சாட்சி. மில்லிமீற்றர் கோடிட்ட அளவுகோல் ஒன்றைத் தாளின் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். 300 டிபிஐ படத்தில் 100 மில்லிமீற்றருக்கு 1181 படப்புள்ளி வர வேண்டும். ஒன்றிரண்டு வீதம் கூடக் குறைய இருக்கலாம். 1000தான் வருகிறது என்றால் சொன்னதும் தந்ததும் ஒன்றல்ல. ஒரு எச்சரிக்கை: குறைந்த படத்தை மென்பொருளால் பெருப்பித்திருந்தால் அளவுகோல் சரியாகவே காட்டும். அதைப் பிடிக்கப் பக்கத்திலுள்ள மிகச் சிறிய எழுத்தை 100 வீதத்தில் திறந்து, விளிம்பு கூராக இருக்கிறதா, பஞ்சு போல் பரந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விளக்கு இரண்டு பக்கமும் 45 பாகையில். மேலே உள்ள மின்குமிழை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பளபளப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும். காபன் பிரதி, மெல்லிய டைப் தாள் போன்றவற்றில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். றோணியோ (ஸ்டென்சில்) பிரதிகளுக்கும் இதுவே மருந்து.

மூன்று வகையிலும் கைவிடப்படும் ஒரு விஷயம் தமிழுக்கே உரியது: புள்ளி. சிறிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். 300 டிபிஐயில் மில்லிமீற்றருக்கு 11.8 படப்புள்ளி என்பதால் அது ஐந்து படப்புள்ளி அகலம்கூட இல்லை. 200 டிபிஐயில் மூன்று. ஸ்கேன் மென்பொருளில் "அழுக்கு நீக்கம்" என்ற அமைப்பு, இந்த அளவில் தனியாக நிற்கும் கறுப்புத் திட்டுகளைத் தூசு என்று நினைத்துத் துடைக்கும். ஆங்கில ஆவணத்தில் ஐ, ஜே எழுத்துகளின் மேற்புள்ளி போனாலும் வாசிப்புக் கெடாது. தமிழில் "மாணிக்கம்" "மாணிககம" ஆகும். வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே அமைப்பு கணக்கேட்டில் ரூபாவுக்கும் சதத்துக்கும் இடையில் உள்ள புள்ளியையும் துடைக்கும். 125.50 என்பது 12550 ஆகிவிட்டால் ஊகிக்க வழியில்லை. பழைய கையெழுத்திலும் பழைய அச்சிலும் புள்ளி இல்லாமலே எழுதிய இடங்கள் உண்டு. மூலத்தில் இல்லையா, ஸ்கேனில் போனதா என்பதைப் பிறகு எவராலும் சொல்ல முடியாத நிலை வரும்.

சோதனை எளியது. வேலை கொடுக்குமுன் மூன்று பக்கம் கொடுங்கள்: சிறிய அச்சுத் தமிழ் ஒன்று, காபன் பிரதி ஒன்று, சிவப்பு மைத் திருத்தமும் ஊதா முத்திரையும் உள்ள இடாப்புப் பக்கம் ஒன்று. அச்சுப் பக்கத்தில் பத்து வரி எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூலத்தின் புள்ளிகளை எண்ணுங்கள். பிறகு படத்தில் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அழுக்கு நீக்கம் நிற்க வேண்டும். பதிவேடுகளுக்குக் கறுப்பு வெள்ளை வேண்டாம், 24 பிட் கலர்தான். சுத்திகரிப்பு, நேராக்கல், ஓரம் வெட்டல் எல்லாம் பார்வைப் பிரதியில் மட்டும் நடக்கட்டும். மூலப்படம் கைபடாத, சுருக்காத டிஃப் படக் கோப்பாக வர வேண்டும். ஃபுல்ஸ்கேப் பக்கம் ஒன்று 300 டிபிஐயில் ஏறத்தாழ 28 மெகாபைட். 40,000 பக்கத்துக்கு 1.1 டெராபைட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கைச் சொன்னதும் "ஜேபெக் போதும்" என்பார்கள். பார்வைப் பிரதிக்குப் போதும்.

இனி அந்த "100%". பெரும்பாலும் சிறுபடங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தலைகீழ்ப் பக்கம், விரல் விழுந்த பக்கம், வெட்டுப்பட்ட ஓரம் இதில் பிடிபடும். விடுபட்ட பக்கம் பிடிபடாது. இல்லாத ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாதல்லவா. அதற்கு ஸ்கேனுக்கு முன்பே எண்ணியிருக்க வேண்டும்: ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் மென்பென்சிலால் வரிசை எண், கட்டுக்கு ஒரு கட்டுச்சீட்டு, அதில் தாள்களின் எண்ணிக்கை, கிழிந்தவை, காணாதவை, தையலுக்குள் மறைந்த வரிகள். இருபக்க ஸ்கேன் என்றால் படங்கள் = தாள் × 2, அட்டை தனி. இந்த இரண்டு எண்ணும் கட்டுக்குக் கட்டு ஒத்துப்போகாமல் எதையும் கையேற்க வேண்டாம். எண்ணிக்கைக்கு மாதிரி எடுப்பது என்ற பேச்சே கிடையாது, எல்லாக் கட்டையும் எண்ண வேண்டும். இந்த ஆயத்தக் கூலி தனியாக விலைப்பட்டியலில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கப்போவதில்லை.

படத்தின் தரத்துக்கு மாதிரி போதும். வழக்கத்தில் "பத்து வீதம் பார்க்கிறோம்" என்பார்கள். 300 படம் உள்ள கட்டில் 30ஐப் பார்த்தால், 6 பழுது இருந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு பாதிக்கு மேல். 40,000 படத்தில் பத்து வீதம் என்பது 4,000. ஆளும் நேரமும் வீண். தொழிற்சாலைகளில் பழகிய ஐஎஸ்ஓ 2859-1 என்ற மாதிரிப் பரிசோதனைத் தரநிலையின் அட்டவணை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு தொகுதி 1,201 முதல் 3,200 படம் என்றால், சாதாரணப் பரிசோதனை இரண்டாம் மட்டத்தில் மாதிரி 125. ஏற்கத்தக்க தர எல்லை (நூற்றுக்கு எத்தனை பழுதுவரை பொறுக்கலாம் என்பது) 1.0 என்றால் 3 பழுதுவரை தொகுதி தேறும், 4 வந்தால் தொகுதியே திரும்பும். நூற்றுக்கு ஒன்று பழுதான தொகுதி இதில் பெரும்பாலும் தேறிவிடும். நூற்றுக்கு ஐந்து பழுதானது தப்புவதற்கு ஏறத்தாழ 13 வீத வாய்ப்பே உண்டு. அடுத்தடுத்த ஐந்து தொகுதிகளில் இரண்டு திரும்பினால் இறுக்கமான பரிசோதனைக்கு மாற வேண்டும். அப்போது அதே 125இல் 2தான் எல்லை.

தேறாத தொகுதியைப் பற்றிய வரிதான் ஒப்பந்தத்தின் உயிர். கண்டுபிடித்த நான்கு படத்தை மட்டும் திருத்தித் தந்து "சரி" என்பார்கள். மாதிரியில் நான்கு இருந்தால் காணாத இடத்தில் எத்தனையோ இருக்கும்; ஆகவே தொகுதி முழுவதையும் அவர்கள் செலவில் மறுபரிசோதனை செய்து, தேவையானவற்றைத் திரும்ப எடுத்து, புதிதாக மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். வாசிக்க முடியாத பதிவு, வேறு கோப்புக்குள் போன பக்கம் இரண்டும் இந்த எண்ணிக்கையில் சேராது. ஒன்று வந்தாலே தொகுதி திரும்பும். மாதிரியை அவர்கள் தெரிவு செய்யக் கூடாது. எக்செலில் எழுமாற்று எண் எடுத்து நீங்களே தெரிவு செய்யுங்கள். அதற்கு மேலாக ஒவ்வொரு கட்டின் முதற் படம், கடைசிப் படம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். பழுது சிதறி வருவதில்லை, கும்பலாகத்தான் வரும்.

சுட்டி, அதாவது எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தேட உதவும் பட்டியல், தயாரிப்பதில் கொழும்புச் சேவைகள் பொதுவாகப் பலவீனம் என்பதே எங்கள் மதிப்பீடு. ஆங்கிலத்தில் வேகம் உண்டு. தமிழ்ப் பெயர் வந்ததும் தடுமாற்றம். மிகப் பெரிய தொல்லை பாமினி என்ற யுனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. பாமினியில் தட்டச்சிய எக்செல் திரையில் அழகாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் ஒன்றும் அகப்படாது. யுனிகோட் என்று எழுதினாலும் போதாது. "கொ" என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எல்லாவற்றையும் என்எஃப்சி எனும் ஒரே சேர்த்தெழுதும் யுனிகோட் வடிவத்துக்கு இயல்பாக்கித் தரச் சொல்லுங்கள். கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம், வரிசை எண்ணே போதும். தமிழ்த் தலைப்பு சுட்டியில் இருக்கட்டும். எக்செல் 0045ஐ 45 ஆக்கும், 03/04/1956 ஏப்ரலா மார்ச்சா என்று குழப்பும். அந்தப் பத்திகளை (நிரல்களை) முன்கூட்டியே உரை வடிவமாக்க வேண்டும்.

முக்கியமான பத்திகளை இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பாராமல் தட்டச்சி ஒப்பிடுவதே நம்பகமான முறை. எல்லாப் பத்திக்கும் காசு போதாதென்றால் பெயர், திகதி, இலக்கம் மூன்றுக்காவது. கணினியே பிடிக்கக்கூடிய பிழைகளும் உண்டு. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியது. அந்த மூன்றும் 001 முதல் 366, அல்லது 501 முதல் 866 வரைக்குள் விழாவிட்டால் எங்கோ பிழை. படத்தைத் திறந்து மூலத்திலேயே அப்படியா என்று பார்க்க வேண்டியதுதான். 2016 முதல் வந்த புதிய இலக்கம் 12 எண்கள், அதற்கு வேறு சூத்திரம். இப்படிப்பட்ட விவரங்கள் உள்ள கோப்புகளைக் கொடுக்கும்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, படங்கள் எந்தக் கணினியில், எத்தனை நாள் இருக்கும், யார் அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைக் கணினியே வாசித்து உரையாக்குவது, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெசரக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் 4ஆம் பதிப்புக்குப் பிறகு புதிய அச்சுத் தமிழுக்குப் பயன்படக்கூடிய நிலை. கையெழுத்துக்கு வேண்டாம். பழைய எழுத்துமுறையில் அச்சான ணை, லை, றா, னா போன்றவற்றில் சறுக்கும்; காலையும் ரகரத்தையும் மாற்றிப்போடும். ஒரே படிவத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தால் மொழி மூன்றையும் சேர்த்து ஓட்டினார்களா என்று கேளுங்கள். தேடலுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் யோசிக்கலாம்.

கையேற்பு நாளில் வேறு வேறு தயாரிப்பான இரண்டு ஹார்ட் டிஸ்க், கூடவே எல்லாக் கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புப் பட்டியல் (கோப்பு ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் குறியெண்களின் பட்டியல்). விண்டோசில் சேர்ட்யூட்டில் கட்டளையே இதைக் கணிக்கும், யுஎஸ்பி 2.0 வழியாக 1.1 டெராபைட்டை வாசிக்கப் பத்து மணித்தியாலம் அளவு எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் போகலாம். கொழும்பின் ஈரப்பதன் தாளை மட்டுமல்ல, பெட்டிக்குள் மறந்துபோன டிஸ்க்கையும் சும்மா விடாது. ஆண்டுக்கு ஒருமுறை இயக்கி அதே பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

மூலங்கள் திரும்பி வரும்போது துருப்பிடித்த பின் இருந்த இடத்தில் புதுப் பின் அடித்திருக்கிறார்களா, நூல் டேக் பழைய துளையில் பழைய வரிசையில் போயிருக்கிறதா என்று கட்டுச்சீட்டோடு பாருங்கள். சிலர் "ஸ்கேன் முடிந்ததும் இலவசமாகத் துண்டாக்கித் தருகிறோம்" என்று ஒரு சலுகை சொல்வார்கள். தனியார் விலைச்சிட்டைக்குக்கூடக் கையேற்புப் பரிசோதனை முழுவதும் முடிந்து, கணக்காளரிடம் கேட்ட பிறகே அது. அரசாங்க அலுவலகக் கோப்பு என்றால் 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் கூடச் சட்டம் இருக்கிறது; ஸ்கேன்காரர் சொல்லிலோ அலுவலகத் தலைவரின் விருப்பத்திலோ ஒரு தாளையும் அழிக்க முடியாது.